ஆலப்புழையில் தனி போட்டோ ஷூட்: எல்லை ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பம், குமுளி, செங்கோட்டை, நாகர்கோவில், களியக்காவிளை பக்கத்திலிருந்து ஆலப்புழைக்குப் போகிற குடும்பங்கள் அங்கே ஓரிரு மணி நேரத்துக்கு ஒரு போட்டோகிராபரை அமர்த்திக்கொள்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்போ பின்போ ஜோடியாக எடுக்கிறார்கள். அறுபதாம் கல்யாணம் முடிந்த அப்பா அம்மாவை அழைத்துப் போகிறார்கள். பணம் கொடுத்தும் படம் சரியாக வராமல் போனால், பழி பெரும்பாலும் போட்டோகிராபர் மேல் விழுகிறது. உண்மையில் கெடுப்பது தப்பான நேரமும் பொருந்தாத படகும்தான். அதனால் இந்தப் பக்கத்தில் அவை இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் யாரை புக் செய்ய வேண்டும்? போட்டோகிராபரையா, படகையா?

நேரம், படகு, ஆள் என்ற வரிசையில் போங்கள். எந்த நாள், காலையா மாலையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த நேரத்துக்குப் படகு கிடைக்குமா என்று கேளுங்கள். பிறகுதான் போட்டோகிராபருக்கு அட்வான்ஸ். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் படம் பிடித்துப்போய் ஆளுக்கு முன்பணம் அனுப்பிவிட்டு, படகை “அங்கே போய்ப் பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுகிறார்கள். காலை ஆறரை மணிக்குக் கரையில் வந்து நின்றால் ஓட்டுகிற சேட்டன்கள் வந்திருக்க மாட்டார்கள். ஒருவர் வந்து சேர்வதற்குள் எட்டரை ஆகிவிடும். நல்ல வெளிச்சம் அதற்குள் முடிந்துபோகும்.

படகையும் போட்டோகிராபரே ஏற்பாடு செய்வதாகச் சொன்னால் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எந்த வகைப் படகு, எத்தனை படகு, எந்தக் கரையிலிருந்து, எத்தனை மணிக்கு என்ற நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். “போட் உண்டு” என்று மட்டும் சொன்னால் அதில் எதுவும் தெளிவாகாது.

காலை நல்லதா, மாலை நல்லதா?

ஊர் அமைந்திருக்கும் விதத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஆலப்புழைக்கு மேற்கே கடல். கிழக்கே புன்னமடைக் காயல், அதைத் தாண்டிக் குட்டநாடு. சூரியன் காயல் பக்கம் உதித்துக் கடலில் இறங்கும். எனவே தண்ணீரும் தென்னையும் வேண்டுமென்றால் காலை, கடற்கரை வேண்டுமென்றால் மாலை. இரண்டையும் ஒரே மாலையில் முடிக்கப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகும். படகுத்துறைக்கும் கடற்கரைக்கும் நடுவே ஊரே கிடக்கிறது. மாலை நெரிசலில் அந்த நாலைந்து கிலோமீட்டரைக் கடப்பதிலேயே அரை மணி நேரம் கரைந்துவிடும்.

ஜனவரி நடுவில் சூரிய உதயம் ஏறக்குறைய 6.45, அஸ்தமனம் 6.20. ஜூனில் உதயம் 6.05 வாக்கில், அஸ்தமனம் 6.45 வாக்கில். உதயத்துக்குக் கால் மணி முன்பிருந்து ஒன்றரை மணி நேரம்தான் காயலில் உங்களுக்குக் கிடைக்கும் பொன்னான பொழுது. வெளிச்சம் மட்டுமல்ல காரணம். அந்த நேரத்தில் காற்று இருக்காது, தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும், தென்னையின் நிழல் முழுசாக விழும். வெயில் ஏறிக் கடல்காற்று தொடங்கியதும் சிற்றலை எழும்பும், பிரதிபலிப்பு உடைந்துவிடும். இரவு தங்கியவர்களை இறக்கிவிட ஹவுஸ்போட்டுகள் காலை ஒன்பது மணி வாக்கில் வரிசையாகத் துறைக்குத் திரும்பும். பகல் பன்னிரண்டுக்கு மேல் அடுத்த கூட்டத்தோடு கிளம்பும். அந்த நேரங்களில் புன்னமடைப் பக்கம் எந்தக் கோணத்தில் எடுத்தாலும் பின்னால் நாலு படகு நிற்கும்.

மாலை 5.30 வாக்கில் ஹவுஸ்போட்டுகளைக் கரையில் கட்டிவிட வேண்டும் என்பது அங்கே நடைமுறை. அதன்பிறகு மீனவர்கள் வலை போடுகிற நேரம். அப்போது காயல் காலியாக, அழகாகத்தான் இருக்கும். ஆனால் சிறு படகுக்காரர்களும் இருட்டுவதற்கு முன் கரை சேர்ந்துவிடுவார்கள். மாலையில் காயல்தான் வேண்டும் என்றால் நாலரைக்கே தண்ணீரில் இருங்கள்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. குட்டநாட்டில் ‘புஞ்ச’ என்று சொல்லும் நெல் போகம் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் விதைத்து மார்ச், ஏப்ரலில் அறுவடையாகும். ஜனவரி, பிப்ரவரியில் வயல் முழுக்கப் பச்சை. கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் வயல், அதைவிட உயரத்தில் வாய்க்கால், நடுவே நடைவரப்பு என்கிற அந்தக் குட்டநாட்டுக் காட்சி இந்த மாதங்களில்தான் முழுமையாகக் கிடைக்கும். மார்ச் பாதிக்கு மேல் போனால் கதிர் பொன்னிறமாக இருக்கும், அதற்கும் ஒரு தனி அழகு உண்டு. அறுப்பு முடிந்த வயலில் மட்டும் எடுக்க ஒன்றும் இருக்காது.

அக்டோபர், நவம்பரில் காலை தெளிவாக இருந்தாலும் பிற்பகலில் இடியோடு மழை வரும், எனவே காலை மட்டும். ஜூன், ஜூலை தென்மேற்குப் பருவமழை. மழைக்கால மேகவெளிச்சம் முகத்துக்கு மிக நல்லது, கூட்டமும் குறைவு, படகும் சுலபமாகக் கிடைக்கும். இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு மழைக்காலத்தை நாங்கள் மனதாரச் சிபாரிசு செய்வோம். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்குச் செய்ய மாட்டோம்.

ஒரு விஷயத்தைப் பலரும் கேட்பதில்லை: ஆகாயத்தாமரை. உப்புநீர் வயலுக்குள் ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை ஆண்டுதோறும் கோடைக்கு முன்பே இறக்கிவிடுவார்கள். நன்னீர் தேங்கியிருக்கும் வரை ஆகாயத்தாமரை பெருகும். உப்பு ஏறினால்தான் வாடும். சில சிறு வாய்க்கால்கள் தண்ணீரே தெரியாமல் மூடிப்போகும், வள்ளம் நுழையாது. போவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த வாய்க்காலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய படத்தைப் பார்த்து நம்பிப் போகாதீர்கள்.

நேரு டிராபி வள்ளங்களி (படகுப் போட்டி) நாளையும் அதற்கு முந்திய வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை என்பது பழைய வழக்கம். 2024ல் செப்டம்பர் 28, 2025ல் ஆகஸ்ட் 30 என்று நாள் மாறியிருக்கிறது. அந்த ஆண்டின் தேதியைப் பார்த்துவிட்டே திட்டமிடுங்கள்.

ஹவுஸ்போட், சிகாரா, வள்ளம்: எது எடுப்பது?

படம்தான் நோக்கம் என்றால் கழி ஊன்றி ஓட்டும் சிறு வள்ளம் ஒன்று, கூரை போட்ட எஞ்சின் படகான சிகாரா ஒன்று என இரண்டு படகு எடுங்கள். வள்ளத்தில் நீங்கள், சிகாராவில் போட்டோகிராபர்.

காரணம் எளிது. ஒரே வள்ளத்தில் நீங்களும் அவரும் உட்கார்ந்தால் நடுவில் இருக்கும் இடைவெளி ஒன்றரை, இரண்டு மீட்டர். எல்லாப் படமும் இடுப்புக்கு மேல் மட்டும். வள்ளத்தின் நீளம், முனை வளைவு, பின்னால் நின்று கழி ஊன்றுகிற ஆள், தண்ணீரில் விழும் நிழல் எதுவும் படத்தில் வராது. தவிர, அவர் எழுந்து அசைந்தால் வள்ளம் சாய்ந்து, நீங்கள் சிரிப்பை மறந்து விளிம்பைப் பிடித்துக்கொள்வீர்கள். தனிப் படகில் ஏழெட்டு மீட்டர் தள்ளி நின்று 85 மி.மீ. அல்லது 70–200 லென்ஸில் எடுத்தால் முழு வள்ளமும் வரும், பின்னணியும் மென்மையாகும். சிகாரா உங்களை முந்திப் போகும்போது அலை கிளப்பும். ஆகவே முன்னால் போய் எஞ்சினை அணைத்துவிட்டு, தண்ணீர் அடங்கியதும் வள்ளத்தை மெல்ல வரச் சொல்ல வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே இரண்டு ஓட்டுநர்களிடமும் சொல்லிவிடுங்கள். நடுக்காயலில் கத்திச் சொன்னால் எஞ்சின் சத்தத்தில் கேட்காது.

சிகாராவுக்குள் உட்கார்ந்து எடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே கூரை, வெளியே பளபளக்கும் தண்ணீர். முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் வெளியே வெள்ளையாக வெந்துபோகும், வெளிச்சத்தைக் குறைத்தால் முகம் கறுக்கும். கூரைக்கு வெளியே, முன்முனையில் உட்கார்ந்தால் தீரும். இல்லையென்றால் ஃபிளாஷ் கொண்டு வரச் சொல்ல வேண்டும்.

ஹவுஸ்போட்டின் முன்தளத்தில் மூங்கில் பாயும் மரமும் சேர்ந்து முகத்தில் ஒரு பழுப்பு மஞ்சளைப் பூசிவிடும். எடிட்டிங்கில் ஓரளவு சரிசெய்யலாம், பட்டுப்புடவையின் நிறம் மட்டும் முழுதாகத் திரும்பி வராது. ஹவுஸ்போட் தங்குவதற்கும் உடை மாற்றுவதற்கும் மிக வசதி. ஆனால் அது பெரிய நீர்வழியில்தான் போகும், குறுகிய வாய்க்காலுக்குள் நுழையாது. ஹவுஸ்போட்டில் தங்குகிறவர்கள், காலையில் அது கட்டிக் கிடக்கும் இடத்துக்கே வள்ளத்தை வரவழைப்பது நல்ல ஏற்பாடு. கிட்டத்தட்ட எல்லாப் படகுக்காரர்களும் அருகே ஒரு வள்ளக்காரரைத் தெரிந்து வைத்திருப்பார்கள். முதல் நாள் மாலையே சொல்லிவிட வேண்டும்.

நகரத்துக்குள் இருக்கும் பழைய கால்வாய்களில் எடுக்கலாமா?

எடுக்கலாம், படகில் அல்ல, கரையில். திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் இந்த ஊரைத் துறைமுகமாக வளர்த்தபோது, காயல் பக்கத்திலிருந்து கடல் பக்கத்துக்குச் சரக்கு கொண்டுபோகவே வாடைக் கால்வாயும் வணிகக் கால்வாயும் இணையாக உருவாயின. மலையிலிருந்து மிளகும் ஏலமும் இந்த வழியாகத்தான் கப்பலுக்குப் போயின. கரையோரம் பழைய பண்டகசாலைகள், ஓட்டுக்கூரைகள், சிறு பாலங்கள், குஜராத்தி வணிகர்கள் குடியிருந்த தெரு ஆகியவை எல்லாம் நல்ல பின்னணி. ஆனால் தண்ணீர் எல்லா இடத்திலும் சுத்தமாக இருக்காது. அதனால் பாலத்தின் மேல் நின்று, கால்வாயைப் பக்கவாட்டில் வைத்து எடுப்பதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை காலை கடைகள் திறக்கும் முன் போனால் தெரு காலியாக இருக்கும்.

1862ல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏற அனுமதி உண்டு, கேமராவுக்குத் தனிச் சீட்டு. திங்கட்கிழமை விடுமுறை. ஷூட் என்ற பெயரில் முக்காலியோடு போனால் நிறுத்துவார்கள். கடற்கரையில் பழைய கடல்பாலத்தின் மிச்சங்கள் மாலை வெளிச்சத்தில் அருமையாக வரும். கரைப் பக்கம் திரும்பி மட்டும் எடுக்காதீர்கள். 2021ல் திறந்த பைபாஸ் மேம்பாலம் குறுக்கே வந்துவிடும்.

போட்டோகிராபரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாலு நல்ல படம் யாரிடமும் இருக்கும். ஒரே ஜோடியின், ஒரே நாளின் முழு ஆல்பத்தை லிங்க்காக அனுப்பச் சொல்லுங்கள். அதில் முப்பது படம் பார்த்தால் ஆளின் கை தெரிந்துவிடும். தண்ணீர்க்கோடு சாய்ந்து கிடக்கிறதா, முகத்தில் பச்சை சாயல் அடிக்கிறதா, நடுத்தர வயதுக்காரர்களையும் மாநிறத்தையும் கறுப்பு நிறத்தையும் இயல்பாக விட்டிருக்கிறாரா அல்லது வெளுத்துவிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். நம் முகம் நம் முகமாகவே வர வேண்டும். “ஸ்கின் வெளுக்க வேண்டாம்” என்று முன்பே எழுதிச் சொல்லலாம், நல்ல ஆட்கள் சந்தோஷமாகக் கேட்பார்கள்.

அடுத்து, “நீங்களே வருவீர்களா?” சீசனில் ஒரே பெயரில் மூன்று நாலு பேர் வேலை செய்வார்கள். வருகிறவர் பெயரும் எண்ணும் முந்தின நாளே வேண்டும். தமிழ் தெரியுமா என்று தயங்க வேண்டாம். நாம் மெதுவாகப் பேசினால் அவர்களுக்கும், அவர்கள் மெதுவாகப் பேசினால் நமக்கும் புரியும். பெரியவர்கள் வந்தால் மட்டும் பொறுமையாகப் பேசுகிற ஆளா என்று ஒரு வீடியோ காலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் என்னென்ன வாங்க வேண்டும்?

தேதி, கரை, தொடங்கும் நேரம், முடியும் நேரம். மணி எப்போதிலிருந்து கணக்கு என்பதையும் எழுதுங்கள்: சந்தித்த நேரமா, படகில் ஏறிய நேரமா? எடிட் செய்த படங்கள் எத்தனை, எடிட் செய்யாதவை கிடைக்குமா, எத்தனை நாளில் வரும், முழு அளவில் வருமா அல்லது வாட்ஸ்அப்பில் சுருங்கி வருமா? படகு வாடகை, நுழைவுச் சீட்டு, ஓட்டுநர் டிப்ஸ் யார் கணக்கு? கூடுதல் அரை மணிக்கு எவ்வளவு?

ஒரு மணி நேரத்தில் நிதானமாக ஒரு உடை, இரண்டு இடம்தான் முடியும். இரண்டு உடை வேண்டுமென்றால் இரண்டரை மணி நேரம் எடுங்கள். புடவை மாற்றித் தலை சரிசெய்யவே நாற்பது நிமிடம் போய்விடும்.

படங்கள் யாருக்குச் சொந்தம்? எங்கள் படத்தை அவர் விளம்பரத்தில் போடலாமா?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, நீங்கள் பணம் கொடுத்து உங்களுக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் நீங்கள்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை. அந்தக் கடைசி வாசகத்தில்தான் விஷயம் இருக்கிறது. புக்கிங் படிவத்தின் அடியில் “படங்களின் உரிமை ஸ்டுடியோவுக்கு” என்று ஒரு வரி இருந்து, நீங்கள் படிக்காமல் ஒப்புக்கொண்டால் உரிமை கைமாறிவிடும். குழந்தை படமோ, வெளியே வர விரும்பாத படமோ இருந்தால் “அனுமதி இல்லாமல் எங்கும் பதிவிடக் கூடாது” என்று ஒரு வரி அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்கு விட்டால் சிலர் கட்டணத்தைக் குறைப்பார்கள். அது உங்கள் விருப்பம்.

மொத்தச் செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

கட்டணம் சீசனுக்குச் சீசன் மாறுவதால் கணக்குப் போடும் முறையை மட்டும் சொல்கிறோம். உங்கள் ஷூட் நேரத்தோடு ஒரு மணி கூட்டி, அதை இரண்டு படகின் மணி வாடகையால் பெருக்கி, போட்டோகிராபர் தொகையோடு சேருங்கள். போக வர ஆகும் நேரத்துக்கும் வாடகை உண்டு. அதிகாலைக்குச் சிலர் கூடுதல் கேட்பார்கள், நியாயம்தான். படகுத்துறை அருகே மாவட்ட சுற்றுலா வளர்ச்சிக் குழுவின் அலுவலகம் இருக்கிறது. அங்கே அன்றைய படகு வாடகையைக் கேட்டுவிட்டு வெளியே பேரம் பேசுங்கள். ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் வந்து அழைக்கிற தரகர் மூலம் போனால் அவருடைய பங்கும் உங்கள் வாடகையில்தான் ஏறும்.

அட்வான்ஸ் பாதிக்கு மேல் வேண்டாம். மீதியில் ஒரு பகுதியை ஷூட் அன்றும், ஒரு பகுதியைப் படங்கள் கைக்கு வந்ததும் கொடுப்பதாகப் பேசுங்கள்.

மழை வந்தால்? திடீர் ஹர்த்தால் வந்தால்?

இரண்டும் கேரளத்தில் நடக்கக்கூடியவை என்பதால் முன்பே பேசிவிடுங்கள். ஹர்த்தாலுக்கு 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019ல் சொன்ன பிறகும், முந்தின இரவு அறிவிப்பு வருவது முற்றிலும் நின்றுவிடவில்லை. “மழை, ஹர்த்தால், வெள்ள எச்சரிக்கை இருந்தால் அட்வான்ஸ் அப்படியே வேறு தேதிக்கு, ஆறு மாதத்துக்குள்” என்ற ஒரு வரி போதும். தூறலில் நிறுத்த வேண்டாம், குடையோடு எடுங்கள். இடி இடித்தால் மட்டும் உடனே கரைக்கு வந்துவிட வேண்டும். திறந்த காயலில் உயரமாக இருப்பது உங்கள் படகுதான்.

நம் பக்கத்திலிருந்து எப்போது கிளம்புவது?

முந்தின நாள். குமுளியிலிருந்து குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாக ஏறக்குறைய 150 கி.மீ. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, புனலூர், கொல்லம் வழி சுமார் 175. இரண்டிலும் மலைப்பாதை உண்டு, கொல்லத்துக்கு வடக்கே தேசிய நெடுஞ்சாலை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தால் அதுவும் நேரத்தைத் தின்னும். இரவெல்லாம் ஓட்டி விடிகாலை காயலில் இறங்கினால், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடும் கசங்கிய முகத்தோடும்தான் படம் வரும். கார்த்திகை முதல் மகர விளக்கு வரை சபரிமலை வண்டிகளால் குமுளிச் சாலையிலும் செங்கோட்டைச் சாலையிலும் நெரிசல் உண்டு, இரண்டு மணி கூடுதலாக வையுங்கள். சங்கனாசேரி வழி வருகிறவர்களுக்கு அங்கிருந்து ஆலப்புழை வரையான 24 கி.மீ. சாலை குட்டநாட்டின் நடுவாகவே போகிறது. எங்கே வயல் பச்சையாக இருக்கிறது என்று வழியிலேயே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

நாகர்கோவில்காரர்களுக்கு குருவாயூர் எக்ஸ்பிரஸ் ஆலப்புழை வழியாகவே போகிறது. வாடகை வேன் என்றால் கேரள பெர்மிட், வரி கட்டியாயிற்றா என்று ஓட்டுநரிடம் முதலிலேயே கேளுங்கள்.

என்ன உடை? பூ, மேக்கப் எல்லாம் தாங்குமா?

சுற்றிலும் பச்சை. அதனால் பச்சை வேண்டாம். அரக்கு, மாம்பழ மஞ்சள், குங்குமச் சிவப்பு, அடர் நீலம் தனித்துத் தெரியும். வெள்ளை கசவு விடிகாலை வெளிச்சத்தில் அழகு. வெயில் ஏறிய பின் வயலின் பச்சை அதில் பிரதிபலித்து அழுக்கேறியதுபோல் காட்டும். மெல்லிய கோடு போட்ட சட்டை கேமராவில் நெளிநெளியாக வரும்.

கனத்த பட்டில் வள்ளத்தில் ஏறுவதுதான் சிரமம். கொசுவத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, முதல் காலை வள்ளத்தின் நட்டநடுவில் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். விளிம்பில் மிதித்தால் சாயும். குதிகால் உயர்ந்த செருப்பு கூடவே கூடாது. உட்கார்ந்தபின் வள்ளத்தின் அடியில் தேங்கியிருக்கும் தண்ணீரில் பட்டின் கரை நனையும். எனவே உட்காரும் பலகைக்குக் கீழே ஒரு பழைய துண்டை விரித்துவிடச் சொல்லுங்கள். சேஃப்டி பின் ஒரு டஜன், கொசு மருந்து, முகம் ஒற்ற மெல்லிய துணி ஆகியவை கையில் இருக்கட்டும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பவுடர் திட்டுத்திட்டாகிவிடும், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

மல்லிகையை ஊரிலிருந்தே கொண்டு போகிறவர்கள், தோவாளையிலோ கம்பத்திலோ முதல் நாள் மாலை மொட்டாகவே வாங்கி, ஈர வாழையிலையில் சுற்றி, ஈரத்துணியில் பொதிந்து வையுங்கள். விடிகாலை பாதி விரிந்து, படத்துக்குச் சரியான பதத்தில் இருக்கும்.

சொந்தக் கேமராவோ போனோ ஏசி அறையில் இரவு கிடந்தால், வெளியே எடுத்ததும் லென்ஸில் பனி படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

ட்ரோன் ஷாட் வேண்டும். அனுமதி தேவையா?

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ வகை. பதிவு எண் இருக்க வேண்டும். கட்டணத்துக்குப் பறக்கவிட்டால் இயக்குகிறவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழும் இருக்க வேண்டும். முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பசுமை மண்டலத்தில் 120 மீட்டர் வரைதான் உயரம். கொச்சிக் கடற்படைத் தளத்தைச் சுற்றித் தடை உண்டு. மண்டல வரைபடத்தை டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பார்க்கலாம். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்கினால் ட்ரோன் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். வீடுகளின் கொல்லைப்புறத்துக்கு மேல் பறக்கவிடுவது அங்கே சண்டையில் முடியும், அந்தச் சண்டையில் நியாயம் அவர்கள் பக்கம்தான் இருக்கும்.

லைஃப் ஜாக்கெட் போட்டால் படம் கெடுமே?

ஓடுகிற படகில் கழற்றக் கூடாது. 2023 மே மாதம் தானூரில் நடந்த படகு விபத்தில் 22 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். ஜாக்கெட் இல்லாத படம் வேண்டுமென்றால் வள்ளத்தைக் கரையில் கட்டிவிட்டு, ஆழம் குறைந்த இடத்தில் எடுங்கள். கரை தெரியாமல் கோணம் வைக்கத் தெரிந்த போட்டோகிராபருக்கு இது ஒன்றும் சிரமமல்ல. ஏறும் முன் படகில் பதிவு எண் எழுதியிருக்கிறதா, ஆளுக்கொரு ஜாக்கெட், குழந்தை அளவும் சேர்த்து, இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். வள்ளத்தில் எத்தனை பேர் என்பதை ஓட்டுகிறவர் சொல்வதுதான் முடிவு, நம் வசதியல்ல.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை வள்ளத்தில் ஏற்றாதீர்கள். படிக்கட்டுள்ள துறையிலிருந்து சிகாராவில் ஏற்றுங்கள், அல்லது கரையிலேயே ஒரு தென்னை நிழலில் உட்காரவைத்து எடுங்கள்.

கரையில் இருப்பவர்களைப் படம் எடுக்கலாமா? வயலில் இறங்கலாமா?

அந்த வாய்க்கால்தான் அங்கிருப்பவர்களுக்கு வாசல். அங்கேதான் குளிக்கிறார்கள், பாத்திரம் துலக்குகிறார்கள். சேச்சியோ அம்மச்சியோ படித்துறையில் இருந்தால் கேமராவைத் தாழ்த்திவிட்டு, அவர்கள் முடித்துப் போகும்வரை காத்திருங்கள். வேண்டுமென்றால் கேளுங்கள், பலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். வரப்பில் நடக்கலாம், நாற்றில் கால் வைக்கக் கூடாது. மண் இளகிய வரப்பில் ஏழெட்டுப் பேர் கூட்டமாக நிற்பதும் வேண்டாம். வரப்பு உடைந்தால் தண்ணீர் வயலுக்குள் இறங்கும். அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலுக்குப் போகிறவர்கள் உள்ளே கேமரா எடுக்க முடியாது என்பதை நினைவில் வைத்து, ஷூட்டை முடித்துவிட்டுத் தரிசனத்துக்குப் போங்கள்.

படங்கள் வரவே இல்லை. போனையும் எடுப்பதில்லை. என்ன செய்வது?

தாமதம் வேறு, ஏமாற்று வேறு. சீசனில் சொன்ன தேதியிலிருந்து பத்துப் பதினைந்து நாள் தள்ளுவது நடக்கிறதுதான். அதற்கு மேல் போனால் வாட்ஸ்அப்பில் ஒரு கெடு தேதி எழுதி அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஆலப்புழைக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையான சேவைக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய யுபிஐ ரசீது, உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், எழுத்தில் வாங்கிய விவரங்கள் எல்லாவற்றையும் படங்கள் கைக்கு வந்து, திறந்து பார்த்து, இரண்டு இடத்தில் நகல் எடுத்து முடிக்கும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.